கல் உடைக்கும் நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டத் தொடங்கினார்கள். அந்த வேலைத்தலத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொறன்ரோவில் இருந்த அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார். அதுவரைக்கும் "இன்னும் தூண் கீறிக்கொண்டுதான் இருக்கிறியோ?" என்று கேட்டு வந்தவர், புது வேலையைப் பற்றிச் சொன்னதும் குழம்பிப்போனார்.

"அப்ப நீ ஒண்டும் கட்டிறேல்லையோ?"

"இல்லை அண்ணா."

"பிறகென்ன செய்யிறாய்?"

"ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற சனத்தை ஒரு மேசையில இருத்திக் கதைக்க வைக்கிறது."

"அதுக்கு எஞ்சினியரிங் படிச்சிருக்கத் தேவையில்லையே," என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் தனியே வந்தவள். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேல் கொங்கிறீட் தூண்களுக்கு வரைபடம் கீறினேன். பொருளாதார மந்தத்தில் அந்த அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்தக் கட்டட ஒப்பந்தக் கம்பெனியில் நேர்முகத்துக்குப் போனேன். எதிரே இருந்தவர் தள மேலாளர். வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்த உயரமான மனிதர். வெயிலில் சிவந்து சிவந்து கழுத்துத் தோல் தடித்துப்போயிருந்தது. என் சான்றிதழ்களைப் புரட்டாமல் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"உனக்குக் கோபம் வருமா?"

"வரும். ஆனால் மற்றவர்களுக்குத் தெரிய நாளாகும்."

அவர் சிரித்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வேலைத்தலத்தின் ஒரு பக்கம் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம். மறுபக்கம் ஒடுங்கிய தெரு. அதில் ஐம்பதுகளில் கட்டிய பைப்ரோ என்ற சிமெந்துத் தகடு அடித்த சின்னச் சின்ன வீடுகள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நிலத்தடியில் இரண்டு மாடி ஆழத்துக்குக் கிடங்கு தோண்ட வேண்டும். மேலே களிமண், கொஞ்சம் கீழே போனால் பாறை. எக்ஸ்கவேற்றரின் கையில் ஒரு பெரிய சுத்தியலைப் பொருத்தி அந்தப் பாறையை உடைத்தார்கள். அந்தச் சத்தம் காதுக்குப் பிறகுதான் வந்து சேரும், முதலில் கால் வழியாக நெஞ்சுக்குள் ஏறிவிடும்.

பழைய கட்டடத்தில், கிடங்கைப் பார்த்தபடி இருந்த மாடியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவுக் குழந்தைகள். சுத்தியல் இறங்கும்போது பெட்டிகள் நடுங்கின. குழந்தைகளின் உடம்பில் ஒட்டியிருந்த வயர்கள் அசைந்து, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அபாயமணி அடித்தது. மணி எது நிசம், எது பொய் என்று தெரியாமல் தாதிமார் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓடினார்கள். நடுப்பகலுக்குப் பிறகு தாய்தகப்பன் வந்து குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் நேரம். அந்த நேரத்திலாவது சுத்தியல் ஓய வேண்டும் என்று அந்த வார்டின் தலைமைத் தாதி கேட்டாள்.

தெருவின் சார்பில் நான் வைத்த வாராந்தக் கூட்டத்துக்கு வந்தவர், வேலைத்தலத்து வாசலுக்கு நேரெதிர் வீட்டில் இருந்த ஒரு முதியவர். மால்ட்டாவில் பிறந்து, இளவயதில் கப்பலேறி வந்து, றெயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது காலை நேரத்தை. பத்து மணிவரை உடைக்கக்கூடாது, லொறிகள் நினைத்த நேரமெல்லாம் வரக்கூடாது.

தள மேலாளருக்கோ காலை ஏழிலிருந்து முழுநாளும் வேண்டும். அதற்கு அவரிடம் நியாயமும் இருந்தது. கிடங்கு பிந்தினால் கட்டடம் பிந்தும். புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வரப்போவது இதே குழந்தைகளுக்கான புது வார்டு. இடநெருக்கடியால் பழைய வார்டு சில குழந்தைகளை ஏற்றுக்கொள்ள முடியாமல் வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அம்புலன்சில் அனுப்பிக்கொண்டிருந்தது. "கெதியாக முடிக்கச் சொல்லுகிறவளும் இவள், நிறுத்தச் சொல்லுகிறவளும் இவள்," என்று அவர் தலைமைத் தாதியைக் காட்டி மேசையில் தட்டினார்.

"இரண்டும் உண்மை," என்றாள் அவள். "நான் என்ன செய்யட்டும்?"

காலையை முதியவர் எடுத்துக்கொண்டால், பிற்பகலைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டால், மிச்சம் இரண்டு மணித்தியாலம். அதில் பாறை உடைபட்டு முடிய அடுத்த தேர்தல் வந்துவிடும் என்று மேலாளர் சொன்னார். வாராவாரம் கூடினோம். வாராவாரம் ஒவ்வொருவரும் போன வாரம் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

அந்த மாதங்களில் நான் மத்தியானச் சாப்பாட்டைக் காருக்குள் இருந்துதான் சாப்பிட்டேன். வேலையாட்களின் தகரக் கொட்டிலில் இருந்து சாப்பிட்டால், அன்று மாலையே ஆஸ்பத்திரிப் பக்கத்தில் "அவள் அவர்களுடைய ஆள்" என்பார்கள். ஆஸ்பத்திரிக் கன்ரீனில் இருந்தால், மேலாளர் அடுத்த நாள் என்னோடு அளந்து பேசுவார். முதியவர் வாசலில் நின்று கோப்பி குடிக்கக் கூப்பிட்டபோதுகூட நின்ற நிலையில் குடித்துவிட்டு வந்தேன். எல்லாருக்கும் பொதுவான ஆள் என்றால் எல்லாரும் சேர்த்துக்கொள்ளுவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள் என்பதுதான் அதன் அர்த்தம் என்று அந்தக் காருக்குள் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது விளங்கியது. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனுக்குக் கிட்ட ஒரு சின்ன யூனிற்றில் இருந்தேன். கீழே தமிழ்க் கடை. மாலையில் சாமான் வாங்கப் போனால் தெரிந்த முகங்கள் இருக்கும். "இன்னும் தனியத்தான் இருக்கிறீங்களோ?" என்று அன்ரிமார் கேட்பார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவேன்.

தலைமைத் தாதி தமிழ் என்று எனக்கு முதல் கூட்டத்தில் தெரியாது. கூட்டம் முடிந்து நடைபாதையில் வரும்போது பின்னாலிருந்து, "அக்கா, தமிழா?" என்று ஒரு குரல்.

"ஓம்," என்றேன்.

"ஓமா! அப்படின்னா சிலோன்." அவள் சிரித்தாள். "நான் ஈப்போ. பசியாறிட்டீங்களா?"

மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படிச் சொல்லுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. என் பசி ஆறிவிட்டதா என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்த நகரத்தில் அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். படிக்க வந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து ஊரில் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் றெயிலில் வென்ட்வேர்த்வில் வந்து இறங்குவாள். கணவன் வேலையால் வந்து காரில் ஏற்றிப் போகும்வரை என் வீட்டில் இருப்பாள். நான் புட்டு அவிப்பேன். அவள் நெத்தலி போட்ட சம்பால் கொண்டுவருவாள். எங்கட சம்பலும் அவளுடைய சம்பாலும் பெயரால் மட்டும்தான் சொந்தம். என் குசினியில் இருந்த இரண்டாவது கதிரையில் ஒருவர் இருந்து சாப்பிட்டது அப்போதுதான். வேலையைப் பற்றிக் கதைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. பெரும்பாலும் அதைக் காப்பாற்றினோம்.

கூட்ட மேசையில் கதை நகராது என்று தெரிந்த பிறகு, நான் மேலாளரிடம் போய், "ஒரு மணித்தியாலம் என்னோடு வாங்கோ. சுத்தியலை நிறுத்த வேண்டாம்," என்றேன்.

"எங்கே?"

"மேலே."

அவர் பூட்ஸைக் கழற்றி, முழங்கை வரை கை கழுவி, ஆஸ்பத்திரி தந்த நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு அந்த வார்டுக்குள் வந்தார். அந்த உயரத்துக்கு மேலங்கி இடுப்போடு நின்றது. ஒரு இளம் தகப்பன் சட்டையைத் திறந்து நெஞ்சில் குழந்தையை வைத்துச் சாய்ந்திருந்தான். குழந்தையின் தலை அவனுடைய மணிக்கட்டளவுதான். கீழே சுத்தியல் இறங்கியது. குழந்தையின் கைகள் இரண்டும் ஒருமிக்க விரிந்து சுருங்கின. மணி அடித்தது. தாதி ஒருத்தி ஓடிவந்தாள். மறுபடியும் சுத்தியல். மறுபடியும் மணி. தகப்பன் குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான். கீழே உடைக்கிற ஆள் இவர்தான் என்று அவனுக்குத் தெரியாது.

மேலாளர் வெளியே வந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போது, "அறுக்கலாம்," என்றார்.

"என்ன?"

"பாறையை. பெரிய வாள் இருக்கிறது, வட்ட வாள். தண்ணீர் விட்டு அறுத்துப் பாளம் பாளமாகத் தூக்கலாம். அதிர்வு குறைவு. ஆனால் ஆமை வேகம்." கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு எழும்பினார். "எனக்கு அந்த நேரத்தை யார் திருப்பித் தருவது?"

அடுத்ததாக நானும் தலைமைத் தாதியும் முதியவர் வீட்டுக்குப் போனோம். அது ஒரு விடியப்புறம் முடிந்து ஏழு மணி ஆகும் நேரம். அவர் எங்களைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் அவருடைய மனைவி பாணை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடிவாகத் தலை இழுத்துக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஞாபகம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது பெரும்பாலும் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கிறார் என்று முதியவர் மெல்லச் சொன்னார்.

ஏழு மணிக்குச் சுத்தியல் தொடங்கியது. அந்த அம்மா பாணைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போனார். எழுபதை நெருங்கிய உடம்பு எப்படி அத்தனை விரைவாகக் குனிந்தது என்று தெரியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தங்கள் பாஷையில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தாயைக் கூப்பிடுகிறாள்," என்றார் முதியவர். "இரண்டாம் உலக யுத்தத்தில் எங்கள் தீவின் மேல் எத்தனையோ மாதம் குண்டு போட்டார்கள். அப்போது இவள் பள்ளிக்கூடப் பிள்ளை. பத்து மணிக்குப் பகல்நேரப் பராமரிப்பு வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும். அதுவரைக்கும் நானும் கீழேதான் இருப்பேன்." சொல்லிவிட்டு அவரும் முழங்காலை மடித்து மேசைக்குக் கீழே மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

அந்த வருடம் எங்கள் ஊரிலும் குண்டுக்குப் பயந்து மேசைக்குக் கீழே சனம் இருந்தது. எனக்குத் தெரிந்த சனம். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தெருப்பக்கத்து ஆள் ஆகியிருப்பேன். சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டேன். தலைமைத் தாதிதான் தரையில் உட்கார்ந்து, மேசைக்குக் கீழே கையை நீட்டி, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "அக்கா, நீங்க ஏன் இப்படி வெளிறிப் போயிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

அன்றிலிருந்து வழி மெல்லத் திறந்தது. அறுக்கும் வாளின் சத்தம் ஒரே சீராக இழுபடும் சத்தம். ஒரு காலை அதை ஓட்டிப் பார்த்தோம். முதியவரின் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம், "பக்கத்து வீட்டில் தையல் மெஷின்" என்றாராம். வார்டிலும் பெட்டிகள் நடுங்கவில்லை. ஆகவே காலையிலும் பிற்பகலிலும் வாள். பத்து மணியிலிருந்து நடுப்பகல் வரை மட்டும் சுத்தியல். அந்த இரண்டு மணித்தியாலமும் சுத்தியல் ஓயாமல் ஓட, வேலையாட்களின் தொழிற்சங்கப் பிரதிநிதி தன் ஆட்களோடு கதைத்துச் சாப்பாட்டு நேரத்தைப் பின்போடச் சம்மதம் வாங்கினார். மிச்சம் ஒன்றுதான். இழக்கும் நேரத்தை மேலாளர் எப்படிப் பிடிப்பது? லொறிகள் இடைவிடாமல் வந்து அள்ளிக்கொண்டு போனால் பிடிக்கலாம் என்றார். தெரு அதைத் தாங்காது. தாங்கக்கூடிய வாசல் வேறொன்று இருந்தது. அது ஆஸ்பத்திரிப் பக்கம், தாதிமாரின் கார் தரிப்பிடத்துக்கு ஊடாக.

அந்தத் தரிப்பிடத்தின் கதையைத் தலைமைத் தாதி எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தாள். சில வருடங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து தூரத்துத் தரிப்பிடத்துக்கு நடந்துபோன ஒரு இளம் தாதியை ஒருவன் பின்தொடர்ந்து வந்து பிடித்து இழுத்திருக்கிறான். அவள் கத்திக்கொண்டு ஓடித் தப்பினாள். அதற்குப் பிறகு இவள்தான் நிர்வாகத்தோடு சண்டை பிடித்து, கட்டட வாசலோடு ஒட்டி, வெளிச்சம் போட்டு, தாதிமாருக்கென்று அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய வார்டில் எல்லாரும் அவளை மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலாளருக்கு அந்த வாசல் மனதில் பட்டிருக்கவில்லை. எனக்குப் பட்டது. வரைபடம் கீறிய பழக்கம். கண்ணை மூடினாலும் அந்த இடம் முழுவதும் தெரிந்தது, வேறு வழி இல்லை என்பதும் தெரிந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் மாலை நானே அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமையில்லாத ஒரு நாளில் கூப்பிட்டதும் அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது. கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நாளைக்கு உங்கட கார் தரிப்பிடத்தை லொறிக்குக் கேக்கப்போறன்," என்றேன். "கிடங்கு முடியுமட்டும். கூட்டத்தில திடீரெண்டு கேக்கக்கூடாது எண்டுதான் இப்ப சொல்லுறன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது எப்படிக் கிடைச்சதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் சொல்லித்தானே தெரியும்."

"இல்லை, வாசல் வரைபடத்திலயும் இருக்கு. ஆனா அது உங்களுக்கு எவ்வளவு பெரிசு எண்டது நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

"வேற யாராவது கேட்கட்டும்லா. அந்த மேனேஜர் கேட்கட்டும். நான் முடியாதுன்னு சொல்றேன், சண்டை போடறேன், அப்புறம் ஒத்துக்கறேன். நீங்க கேட்டா என் வார்டு பொண்ணுங்க என்ன நினைப்பாங்க? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிச்சிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க."

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மேலாளர் கேட்டால் அது கம்பெனியின் கோரிக்கை ஆகிவிடும். ஆஸ்பத்திரி நிர்வாகம் பதிலுக்கு வேறொன்றைக் கேட்கும், முதியவர் இன்னொன்றைக் கேட்பார், கட்டியதெல்லாம் பழையபடி குலையும். எல்லாரும் தத்தம் பங்கை விட்டுக்கொடுத்த பிறகு கடைசியாக ஒன்றை வைக்க, எந்தப் பக்கமும் இல்லாத ஆள்தான் வேண்டும். அதற்காகத்தான் எனக்கு அந்தக் கதிரை தந்திருந்தார்கள்.

"நான்தான் கேக்கவேணும்," என்றேன்.

அவள் எழும்பினாள். புட்டு அவிந்து ஆவி வந்துகொண்டிருந்தது. "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றேன். "இல்ல கா, பிள்ளைங்க காத்திருப்பாங்க," என்றாள்.

அடுத்த நாள் கூட்டத்தில் நான் கேட்டேன். கேட்கும்போது கூடவே, தரிப்பிடம் இல்லாத மாதங்கள் முழுவதும் தாதிமாரைத் தூரத்துத் தரிப்பிடத்திலிருந்து வார்டு வாசல்வரை ஏற்றி இறக்க இரவும் பகலும் ஒரு மினிபஸ் ஓட வேண்டும் என்றும், அதில் டிரைவரைத் தவிர ஒரு காவலாளியும் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மேலாளர் தலையாட்டினார். முதியவர் தலைமைத் தாதியைப் பார்த்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"குழந்தைகளுக்காக ஒப்புக்கொள்கிறேன்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆனால் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். இது என் தாதிமாரைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை. போய் அவர்களுக்குச் சொல்லவேண்டியது நான்."

மேலாளர் எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். முதியவர் என் தோளில் தட்டினார். மாதக்கணக்கில் இழுபட்ட விஷயம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருந்தது. எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களோடு கதைத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் இரண்டு பேருக்கு அவித்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானத்துக்கும் அதையே சாப்பிட்டேன். கூட்டங்களில் கண்டால் மரியாதையாகக் கதைப்பாள், ஆங்கிலத்தில். மினிபஸ் ஓடியது. ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. ஆனாலும் அவளுடைய வார்டில் சில தாதிமார் அவளோடு முகங்கொடுத்துக் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தேத்தண்ணி நேரத்தில் அவள் தன் அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கிறாளாம். அவள் மேலே தனியே, நான் கீழே காருக்குள் தனியே. நடுவில் வாள் பாறையை அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு படியேறி அவளுடைய கதவு வரைக்கும் போனேன். உள்ளே அவள் யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

கிடங்கு முடிவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன், முதியவர் வேலைத்தலத்து வாசலில் என்னைக் கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம். மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா இரவில் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாராம், இனி இவரால் தனியே பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார். "இனி நீங்கள் எந்த நேரமும் உடைக்கலாம்."

உள்ளே வரச் சொன்னார். அன்றைக்கு நான் போனேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அந்த மேசையில் இருந்து கோப்பி குடித்தோம். அவர் மனைவியின் கதிரையை எனக்குத் தராமல் வேறொன்றை இழுத்துப் போட்டார். அப்போதுதான் எங்கள் ஊரைப் பற்றியும் மேசைக்குக் கீழே இருந்த சனத்தைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றார் அவர். எந்த நேரமும் உடைக்கலாம் என்று அவர் சொன்னதைக் கம்பெனிக்கு நான் சொல்லவில்லை. வாள் கடைசி நாள்வரை அதே நேரத்தில்தான் ஓடியது.

கட்டடம் எழும்பி முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. திறப்பு விழாவில் மந்திரி ஒருவர் பேசினார். ஆஸ்பத்திரிக்காரர் ஒரு பக்கம், கம்பெனிக்காரர் ஒரு பக்கம், தெருச்சனம் ஒரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தவன் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்தப் படத்தில் நிற்கவேண்டும்?" என்று கேட்டான். "எல்லாம் எடுத்து முடிந்துவிட்டது," என்றேன்.

ஆனால் எனக்கு ஞாபகம் நிற்பது அந்த விழா இல்லை, அதற்கு அடுத்த வாரம் குழந்தைகளைப் பழைய வார்டிலிருந்து புதியதற்குக் கொண்டுபோன காலை. ஒரு குழந்தைக்கு ஒரு டாக்டர், இரண்டு தாதிகள், தள்ளிக்கொண்டு போகும் கண்ணாடிப் பெட்டி. இரண்டு கட்டடத்தையும் இணைக்கும் பாதையில் ஏதாவது தடங்கல் இருந்தால் பார்க்கச் சொல்லி என்னை வரச் சொல்லியிருந்தார்கள். தலைமைத் தாதி முன்னுக்கு நடந்தாள். முதல் பெட்டி லிஃப்ற் வாசலுக்கு வந்தபோது கதவு மூடப் பார்த்தது.

"அக்கா, கதவைப் பிடிங்க!" என்று அவள் தமிழில் கத்தினாள்.

பிடித்தேன். அந்தக் காலை முழுவதும் அங்கேயே நின்று தோளால் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. பாதையில் தாதிமார் அவளோடு வாய் நிறையக் கதைத்துக்கொண்டு போனார்கள். கடைசிப் பெட்டி போனதும் அவளும் அவர்களோடு உள்ளே ஏறினாள். கதவு மூடும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் குடும்பத்தோடு மெல்பேர்ண் போய்விட்டாள். தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வரும், நானும் அனுப்புவேன். நான் வேறு வேறு வேலைகளுக்குப் போனேன். பாலம், சுரங்கப்பாதை, கடைத்தொகுதி. எல்லா இடத்திலும் ஒரு மேசை, அதைச் சுற்றி ஆட்கள். மெல்பேர்ணின் வடக்கே ஒரு வீதி அகலிப்பு வேலைக்கு என்னை அனுப்பியபோது எனக்கு ஓய்வு வயது நெருங்கியிருந்தது. அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கிரெய்கிபர்னில் புது வீட்டுக்கு வரச் சொன்னாள். ஸ்ரேஷனில் வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். மரம் இன்னும் வளராத தெரு, காற்று வீட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தது.

சாப்பிட்டு முடிந்த பிறகு நானே கேட்டேன். "என்னில கோபமோ?"

"கோபமா? இல்லலா." அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதை நான் அன்னைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"பிறகேன் வரேல்லை?"

"நான் உங்க வீட்டுக்கு வந்தா என் வார்டு பொண்ணுங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது கா. அவங்க முழுசா என்னை நம்பணும். நம்பறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள..." கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "அதுக்குள்ள உங்ககிட்ட எப்படித் திரும்பி வர்றதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்களாவது கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன்."

"நான் உங்கட கதவு மட்டும் வந்தனான்."

"எப்ப?"

சொன்னேன். அவள் தட்டுகளை மேசையிலேயே வைத்துவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள். வருத்தமா ஆறுதலா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இருட்ட முதல் அவள் என்னை ஸ்ரேஷனில் கொண்டுவந்து விட்டாள். அந்த வேலை முடியும் வரைக்கும் மாதம் ஒரு தடவையாவது அங்கே போய்வந்தேன். அவளுடைய கணவன் என் அலுவலகக் கதைகளைக் கேட்டுச் சிரிப்பார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஹலோ சொல்லிவிட்டுத் தங்கள் அறைக்குப் போவார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வென்ட்வேர்த்வில் குசினியில் இரண்டு பேரும் முழங்கால் முட்ட இருந்து சாப்பிட்ட காலம் அதில் திரும்பி வரவில்லை. அது வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவும் இல்லை.

முதல் தடவை போய்த் திரும்பிய அந்த மாலை, நகரத்துக்குப் போகும் றெயிலில் என் பெட்டியில் வேறு ஒருவரும் இல்லை. அடுத்த நாள் காலை வீதி வேலைக்கான முதல் கூட்டம் இருந்தது. மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட அதிபர் ஒருவர், கவுன்சில் ஆள் ஒருவர் வருவார்கள். இதுவரை ஒருவரோடொருவர் கதைத்திராதவர்கள். யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று யோசித்தபடி இருந்தேன். வெளியே புதுவீடுகள் ஒவ்வொன்றிலும் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.